மூன்றாம் கட்டில் தாத்தா எத்தனை இட்லி சாப்பிட்டார்?

அனுப்புநர்:
ஸ்டாஃப் நர்ஸ், ஆண்கள் வார்டு, நைட் டியூட்டி,
நாகர்கோவில்.

பெறுநர்:
ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் வாசிப்புத் தாள் தயாரிக்கும் பெருந்தகைகள்,
எங்கிருந்தாலும்.

பொருள்: 40-க்கு 29 வாங்கியவள், அந்த ஒரு மார்க் குறித்துச் செய்துகொள்ளும் விண்ணப்பம்.

பார்வை: நேற்று எழுதிய மாதிரித் தேர்வு, மூன்றாவது பாசேஜ், 38-ஆம் கேள்வி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இரவு மணி 2:10. இரண்டு மணி மருந்தெல்லாம் கொடுத்தாயிற்று. அடுத்த ஊசி நாலு மணிக்கு. இந்த இடைவெளியில் வழக்கமாக உங்கள் பாசேஜ் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு கொட்டாவி விடுவேன். இன்று மனம் கேட்கவில்லை. உங்களுக்கே எழுதிவிடுகிறேன்.

பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய, அங்குள்ள நர்ஸிங் கவுன்சில் உங்கள் தேர்வில், வாசிப்புக்கு 7 கேட்கிறது. எழுத்தில் 6.5 போதுமாம். வாசிப்பில் 7 என்றால் 40-க்கு ஏறத்தாழ 30 சரியாக வரவேண்டும். நான் தொடர்ந்து ஐந்து மாதிரித் தேர்வுகளில் 29. அம்மாவிடம் சொன்னேன். “ஒரு மார்க்குதானே, வாத்தியாரைப் பாத்துக் கேட்டா போடமாட்டாரா?” என்றாள். பெற்றவள் சொல்லைத் தட்டக்கூடாது என்பதால் இந்தக் கடிதம்.

உங்கள் தாள் 60 நிமிடம். மூன்று பாசேஜ், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள், 40 கேள்விகள். கேள்விக்கு ஒன்றரை நிமிடம். பாசேஜைப் படிக்கும் நேரமும் அதற்குள்ளேயே அடக்கம். காதால் கேட்டு எழுதும் தாளில், பேப்பரில் எழுதுகிறவர்களுக்கு விடையைப் பெயர்த்தெழுதப் பத்து நிமிடம் தனியாகத் தருகிறீர்கள். கண்ணால் படிப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. காதின் மேல் உங்களுக்கு அப்படி என்ன பாசமோ.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருக்கிறது எங்கள் கோச்சிங் சென்டர். முதல் நாளே சார் சொல்லிவிட்டார்: “பாசேஜைப் படிச்சா செத்தீங்க. கேள்வியைப் படிங்க, சொல்லைத் தேடுங்க, எடுங்க, ஓடுங்க.” வாசிப்புத் தேர்வுக்கான முதல் விதி வாசிக்காதே என்பது. இதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம், நான் படித்த நர்ஸிங் ஸ்கூலில் முதல் நாள் சொன்னது வேறு. மருந்தின் லேபிளை மூன்று முறை படிக்கவேண்டும். அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு முறை, சிரிஞ்சில் ஏற்றும்போது ஒரு முறை, குப்பியைத் திரும்ப வைக்கும்போது ஒரு முறை. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். பத்து வருடமாக அப்படித்தான் படிக்கிறேன். இதே பழக்கத்தோடு உங்கள் தாளில் உட்கார்ந்தால், இரண்டாவது பாசேஜ் முடிவதற்குள் மணி அடித்துவிடுகிறது.

“அவசரத்தில் வேகம் வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ஒருவருக்கு இதயம் நின்றுபோகிறது. டாக்டர் “அட்ரினலின் ஒரு மில்லிகிராம்” என்கிறார். அந்த நொடியிலும் நான் “அட்ரினலின் ஒரு மில்லிகிராம், டாக்டர்” என்று உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் ஏற்றுவேன். ஓடும்போதும் இரண்டு முறை கேட்கிற தொழில் எங்களுடையது.

அடுத்து, உங்கள் சொல் விளையாட்டு. பாசேஜில் ஒரு சொல் இருக்கும். கேள்வியில் அதற்கு வேறொரு சொல் நிற்கும். இரண்டும் ஒன்று என்று கண்டுபிடித்தால் மார்க். பாசேஜில் உள்ள அதே சொல் கேள்வியிலும் வந்தால் அது பொறி என்று சார் எச்சரிக்கிறார். எங்கள் வார்டில் இது தலைகீழ். டோபமின், டோபுடமின் என்று இரண்டு மருந்துகள். பெயர் இரட்டைப் பிள்ளை மாதிரி, வேலை வேறு. ஒன்றை எடுக்கப்போய் மற்றொன்றை எடுத்துவிடக்கூடாது என்பதற்காகவே பெயரில் வேறுபடும் எழுத்துகளைப் பெரிதாக அச்சிடும் வழக்கம் இருக்கிறது. இன்சுலின் அளவுக்குப் பக்கத்தில் ‘யூ’ என்று ஒற்றை எழுத்துப் போட்டால், அவசரத்தில் அது சைபராகத் தெரிந்து பத்து நூறாகிவிடும் என்று ‘யூனிட்’ என முழுதாக எழுதச் சொல்கிறார்கள். வேறு வேறாகத் தெரிவதை ஒன்று என்று காண நீங்கள் பழக்குகிறீர்கள். ஒன்றுபோலத் தெரிவதை வேறு என்று காண எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். இரண்டு பழக்கத்தையும் ஒரே மூளையில் வைத்துக்கொண்டு, பகலில் உங்களுக்கும் இரவில் நோயாளிக்கும் உழைக்கிறேன். இதுவரை மாற்றிச் செய்ததில்லை, கடவுள் புண்ணியம்.

இப்போது பார்வையில் கண்ட 38-ஆம் கேள்விக்கு வருகிறேன். ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் என்று உங்களுக்கே உரிய அந்த மூன்று முக விளக்கு. பாசேஜ், தூக்கத்தைப் பற்றியது. கீழே ஒரு வாக்கியம்: இரவு வேலை பார்ப்பவர்கள் பகலில் தூங்கச் சிரமப்படுகிறார்கள். தொடர்ந்து ஏழு நைட் டியூட்டி முடித்து, பகலில் பக்கத்து வீட்டு மாவரைக்கும் சத்தத்தில் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்துவிட்டு வந்த நான், இரண்டு தரம் அடிக்கோடிட்டு ‘ட்ரூ’ என்று எழுதினேன். விடை: நாட் கிவன். சொந்த அறிவை உள்ளே கொண்டுவரக்கூடாது, பாசேஜில் இருப்பது மட்டும்தான் உலகம் என்றார் சார். யோசித்துப் பார்த்தால் விடை சரிதான். எனக்குத் தூக்கம் கொடுக்கப்படவில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ‘நாட் கிவன்’ எங்களுக்குப் புதிதல்ல. மருந்துச் சார்ட்டில் நாங்களும் எழுதுகிறோம். கொடுக்காத டோஸைச் சுற்றி வட்டம் போட்டு, ஏன் கொடுக்கவில்லை என்று காரணம் எழுதி, கையெழுத்தும் போடவேண்டும். ஆபரேஷனுக்காக வெறும் வயிறு, நோயாளி மறுத்தார், ஸ்டாக் இல்லை, இப்படி ஏதாவது. காரணம் இல்லாத நாட் கிவனுக்குக் காலையில் சூப்பர்வைசர் அறையில் தனி விசாரணை உண்டு. உங்கள் விடைத்தாளில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். ஏன் கொடுக்கப்படவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

மூன்றாம் கட்டில் தாத்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளி. காலை இன்சுலின் போட்டாயிற்று. பகல் ஷிஃப்டுக்காரி குறிப்பில் எழுதியிருந்தாள்: “நோயாளி காலையில் இட்லி சாப்பிட்டார்.” இதை வைத்து ஒரு தாள் தயாரிப்போம். தாத்தா காலையில் பட்டினி: ஃபால்ஸ். தாத்தாவுக்கு இட்லி பிடிக்கும்: நாட் கிவன். தாத்தா போதுமான அளவு சாப்பிட்டார்: அதுவும் நாட் கிவன். உங்களிடம் எனக்கு முழு மார்க். எங்களிடம் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. அடுத்த டோஸுக்கு முன்னால் கட்டிலருகே போய்க் கேட்டேன். “ஒண்ணரைதான் மக்ளே எறங்கிச்சு. மீதிய இவளுக்குக் குடுத்துட்டேன்” என்று பக்கத்தில் இருந்த பாட்டியைக் காட்டினார். சர்க்கரையைக் குத்திப் பார்த்தேன், இறங்கியிருந்தது. டாக்டரைக் கூப்பிட்டோம். அந்த ஒன்றரை இட்லி எந்தப் பாசேஜிலும் இல்லை, ஐயா.

உங்கள் பங்கையும் மறைக்கமாட்டேன். போன வாரம் ஒரு சார்ட்டில் அலர்ஜி என்ற கட்டம் காலியாக இருந்தது. முன்பென்றால் அலர்ஜி ஒன்றும் இல்லை போல என்று என் கண் தாண்டிப்போயிருக்கும். ஐந்து மாதிரித் தேர்வு எழுதிய கண், காலி என்றால் இல்லை என்று பொருளல்ல, நாட் கிவன் என்று பிடித்துக்கொண்டது. கேட்டேன். பென்சிலின் போட்டால் உடம்பெல்லாம் தடிக்குமாம். அதற்கு உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. ஆனால் அந்த ஆளைக் காப்பாற்றியது நாட் கிவன் என்று தெரிந்துகொண்டதா, தெரிந்ததும் எழுந்துபோய்க் கேட்டதா? முன்பாதிக்கு மட்டும் நீங்கள் மார்க் வைத்திருக்கிறீர்கள்.

மருத்துவத் துறைக்கென்றே ஓஇடி என்று ஒரு தேர்வு இருக்கிறதே, அதை எழுதலாமே என்பீர்கள். அதன் முதல் பகுதியில் நாலு குறிப்புகள், 20 கேள்விகள், 15 நிமிடம். கேள்விக்கு 45 விநாடி. கட்டணமோ இன்னும் அதிகம். ஒன்றரை நிமிடம் தரும் உங்களைவிட்டு நான் எங்கே போவேன்?

கடைசியாக ஒரு சந்தேகம். உங்கள் சான்றிதழ் இரண்டு ஆண்டுதான் செல்லுமாம். ஆம்பூலை உடைக்குமுன் காலாவதித் தேதி பார்ப்பது எங்களுக்கு அனிச்சை. என் ஆங்கிலத்திலும் தேதி அச்சிட்டுவிட்டீர்கள். காலாவதியான மருந்தைத் திருப்பி அனுப்ப எங்களிடம் தனிப் பதிவேடு உண்டு. காலாவதியான ஆங்கிலத்தை எங்கே திருப்புவது, விலையில் ஏதாவது கழிவு உண்டா என்று தெரிவிக்கவும்.

ஆகவே, 38-ஆம் கேள்விக்கு எனக்கு ஒரு மார்க் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாதென்றால் ‘நாட் கிவன்’ என்று எழுதி வட்டம் போட்டு, காரணம் குறிப்பிட்டு, கையெழுத்திட்டு அனுப்பவும். சார்ட்டில் சேர்த்துக்கொள்கிறேன்.

நாலு மணி ஊசிக்கு நேரமாகிறது. மூன்று முறை படிக்கவேண்டும்.

இப்படிக்கு,
29 / 40

குறிப்பு: இதில் சொல்லைத் தேடாமல் முதலிலிருந்து கடைசிவரை படிக்கவும். எத்தனை நிமிடத்தில் என்பது கொடுக்கப்படவில்லை.