டோக்கியோவில் எந்தத் தெரு?

கே: டோக்கியோ போகிறோம். அசாகுசா வெறும் 'டூரிஸ்ட் இடம்', போகாதே என்கிறார் மைத்துனர். (வேலூர் வாசகர்)

ப: அவர் அங்கே எடுத்த போட்டோவை முதலில் காட்டச் சொல்லுங்கள்! அங்குள்ள கோயில் 1945 குண்டுவீச்சில் எரிந்து, 1958-ல் மறுபடி எழுந்தது. புத்தாண்டில் டோக்கியோக்காரர்களே வந்து குவிகிறார்கள். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். கூட்டம் இருக்காது. வழியெல்லாம் உள்ள பரிசுப்பொருள் கடைகளும் திறந்திருக்காது. அது உங்கள் பர்ஸுக்குக் கிடைத்த பிரசாதம்.

கே: ஷிபுயா சிக்னலில் அப்படி என்னதான் இருக்கிறது? (திருச்சி வாசகி)

ப: சிக்னல்தான். எல்லாப் பக்கமும் வண்டிகள் நிற்க, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இடித்துக்கொள்ளாமல் கடப்பார்கள். நமக்கு அதிசயம்தான். பத்து நிமிஷம் போதும்.

கே: பேர்பெற்ற இடங்களை விட்டால், சாதாரண மக்கள் புழங்கும் பேட்டை ஒன்று சொல்லுங்களேன். (கோவை வாசகர்)

ப: தொகோஷி கின்சா. கொதாந்தாவில் இகெகாமி லைன் ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன். மொத்தமே மூன்று பெட்டிதான். இறங்கினால் 1.3 கிலோமீட்டருக்குக் கடைத்தெரு. மீன்கடை, மருந்துக்கடை, பல் டாக்டர் என்று சுமார் 400 கடைகள். டோக்கியோவின் பணக்காரக் கடைவீதியான கின்சாவின் பெயர் இதற்கு எப்படி வந்தது? 1923 பூகம்பத்தில் கின்சாவின் செங்கல் கட்டடங்கள் சரிந்தன. மழை பெய்தால் சேற்றில் புதைந்த தொகோஷிக்காரர்கள் அந்தச் செங்கல்லைக் கொண்டுவந்து தெருவில் பரப்பினார்கள். கூடவே பெயரையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்! பிறகு ஆளாளுக்கு ஆசைப்பட்டு, இன்று ஜப்பான் முழுக்க நூற்றுக்கணக்கில் கின்சாக்கள். ஆகவே அசல் கின்சாவைக் காலையில் பாருங்கள், விலைப்பட்டியலைப் படித்துவிட்டு வாருங்கள். சாயங்காலம் இங்கே வந்து சுடச்சுட கொரொக்கே வாங்கித் தின்னுங்கள். உருளைக்கிழங்கு மசியலைப் பொரித்தது. பெரும்பாலும் இறைச்சி கலந்திருக்கும். சைவக்காரர்கள் விசாரித்து வாங்கவும்.

கே: டோக்கியோவில் இட்லி கிடைக்குமா? (கும்பகோணம் வாசகர்)

ப: நிஷி-கசாய் பக்கம் போங்கள். ஐ.டி. வேலைக்குப் போன நம்மவர்கள் குடும்பத்தோடு வசிக்கும் பகுதி. மளிகைக் கடையில் துவரம்பருப்பே கிடைக்கும். அவர்களுக்கு அது ஊர் ஏக்கம். மூன்று நாள் டூர் போகும் உங்களுக்கு என்ன கேடு?

கே: மக்கள் குடியிருக்கும் இந்த மாதிரித் தெருக்களில் போட்டோ எடுக்கலாமா? (நாகர்கோவில் வாசகி)

ப: கடையை எடுக்கலாம், கேட்டுவிட்டு. பால்கனிக் கொடியில் காயும் துணியை வேண்டாம். உங்கள் மொட்டைமாடியை ஒருவன் படமெடுத்தால் நீங்கள் என்ன திட்டுவீர்களோ, அதை அவர்களும் மனசுக்குள் திட்டுவார்கள்.

கே: மாமியாரும் கூட வருகிறார். எங்கே கூட்டிப்போவது? (பெயர் வேண்டாம், மதுரை)

ப: சுகாமோ. இளசுகள் குவியும் ஹராஜுகு பேட்டையை வைத்து, 'பாட்டிகளின் ஹராஜுகு' என்றே அதற்குப் பெயர். அதிர்ஷ்டத்துக்காகச் சிவப்பு உள்ளாடை விற்கும் கடைகூட உண்டு. அங்குள்ள கோயிலில், நமக்கு எங்கே வலிக்கிறதோ சிலையில் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தால் குணமாகும் என்பது நம்பிக்கை. மாமியார் முழங்காலைத் துடைக்கட்டும். பெயர் போட வேண்டாம் என்ற நீங்கள் எங்கே துடைப்பீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.