காலடிக் கணக்கு

குதிரை மாஸ்டர் தெருவில் நடந்து வரும்போது தயவுசெய்து வணக்கம் சொல்லாதீர்கள். சொன்னால் கணக்கு விட்டுப்போகும். விட்டுப்போனால் டீக்கடை வாசலிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்.

அவர் நடப்பதை நடை என்று சொல்ல முடியாது. அளவை. ஒவ்வோர் எட்டும் மூன்று அடி, கூடக்குறைய இருக்காது. நாலு எட்டு சேர்ந்தால் பன்னிரண்டு அடி. அதுதான் குதிரையின் ஒரு பாய்ச்சல். அவர் பாஷையில் ஒரு ஸ்ட்ரைடு. ஒரு கட்டையைத் தாண்டி இறங்க ஆறு அடி, அடுத்த கட்டைக்கு எழும்ப ஆறு அடி. ஆகவே இரண்டு கட்டைகளுக்கு நடுவே 24 அடி இருந்தால் ஒரு ஸ்ட்ரைடு, 36 அடி இருந்தால் இரண்டு. ஷோ ஜம்பிங் போட்டி தொடங்குமுன் ரைடர்கள் எல்லாரும் குதிரையை வெளியே விட்டுவிட்டு மைதானத்துக்குள் இறங்கி இப்படித்தான் நடந்து அளப்பார்கள். நன்றாக அளக்கட்டும். அவர்களுக்கு மைதானம் இருக்கிறது. நம்மாளுக்கு இருப்பது வடசென்னைக் காலடிப்பேட்டை.

ஆகவே அவர் வேகத்தடையிலிருந்து வேகத்தடைக்கு அளக்கிறார்.

"இன்னா சார் இது, முப்பது அடி! ஒரு ஸ்ட்ரைடுக்கு ஜாஸ்தி, ரெண்டுக்குக் கம்மி. குதிர நடுவுல நின்னு யோசிக்கும் சார். இதப் போட்டவனுக்குக் குதிரயப் பத்தி ஒண்ணும் தெரியல."

துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஒன்று யோசிக்காமல் இரண்டின் மேலும் ஏறி இறங்கிப் போயிற்று. மாஸ்டர் அதைப் பார்த்து, "ரைடர் சீட்ல உக்காரவே இல்ல பாத்தீங்களா" என்றார்.

இதனால் வரும் வினையைச் சொல்கிறேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அளந்தும், மெட்ரோ வருகிறது என்று அளந்தும் இங்கே ஒரு தலைமுறையே கிலியில் வளர்ந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் ரயில் ஓட ஆரம்பித்த பிறகும் அந்தக் கிலி போகவில்லை. ஒரு மனிதன் நம் வீட்டு வாசற்படியிலிருந்து உதடு அசைய எண்ணிக்கொண்டு நடந்து போய், எதிர்வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்து, "ஒண்ணரை அடி உள்ள தள்ளணும்" என்று முணுமுணுத்தால் நாங்கள் என்ன நினைப்போம்? எதிர்வீட்டு ஆயா பட்டாவையும் மின்கட்டண ரசீதையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார். மாஸ்டர் பொறுமையாக அவருக்கு அடுத்தடுத்து இரண்டு கட்டை வைக்கிற டபுள் காம்பினேஷன் என்றால் என்ன என்று விளக்கினார். ஆயா அழுதுகொண்டே கவுன்சிலர் வீட்டுக்குப் போனார்.

கல்யாண வீட்டிலும் இதே கதைதான். தாலி கட்டும் நேரத்தில் எல்லாரும் அட்சதையை ஓங்கிக்கொண்டு மேடையைப் பார்க்க, இவர் மட்டும் மேடைக்கும் பந்திக் கூடத்துக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பார். "முப்பத்தாறு. ரெண்டு ஸ்ட்ரைடு, அப்புறம் லெப்ட் திருப்பம், அங்க ஒரு கட்டை" என்று காட்டினால் அங்கே மொய் எழுதுகிறவர் உட்கார்ந்திருப்பார். பந்திக்கு முதலில் போய்ச் சேர்வதும் இவர்தான் என்பதைப் பதிவு செய்கிறேன்.

சாவு வீட்டைப் பற்றிச் சொல்லத் தயக்கம்தான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாலையும் கையுமாக, தலைகுனிந்து, மெல்ல எட்டு வைத்துப் பந்தல் காலிலிருந்து ஐஸ் பெட்டிவரை வந்தார். முகத்தில் நிஜமான துக்கம். ஆனால் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பாடை கட்ட வந்திருக்கிறார் என்று நினைத்த வீட்டுக்காரர் ஒருவர், "மூங்கில் சொல்லியாச்சுங்க" என்று பணிவாகத் தெரிவித்தார். மூங்கில் என்றதும் மாஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை அடி மூங்கில் என்று கேட்டார். நான் அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

மாஸ்டருடையது குதிரைக் குடும்பம். தாத்தா சென்ட்ரல் வாசலில் ஜட்கா ஓட்டினார். அப்பா கல்யாண ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரையும் சாரட்டும் விடுகிறார். மாமா கிண்டி ரேஸ் மைதானத்தில் சைஸ், அதாவது குதிரை பராமரிக்கிறவராக இருந்தவர். வீட்டில் கொள்ளு வேகாத நாள் கிடையாது. கட்டை தாண்டுகிற வித்தை மட்டும் அந்த வீட்டில் இவருக்குத்தான். அப்பாவுக்கு அது இன்றுவரை பிடிபடவில்லை. "குதிரன்னா ஓடணும், இல்லாட்டி இழுக்கணும். சுத்திப் போக வழி இருக்கச்சொல்ல எதுக்குடா தாண்டணும்?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. இதற்கு மாஸ்டரிடம் பதில் இல்லாததால் ஜகார்த்தாவுக்குப் போய்விடுவார்.

"2018 ஜகார்த்தா ஏசியன் கேம்ஸ்ல பவாத் மிர்சா தனிநபர் வெள்ளி வாங்கல? 1982ல டில்லில ரகுபீர் சிங் தங்கம் வாங்கினாரு. நடுவுல 36 வருசம் தனிநபர் மெடல் ஒண்ணும் கெடயாது. மிர்சாவோட அப்பா யாரு? குதிர டாக்டர். குதிரக் குடும்பம் சார்!"

அவர்கள் ஆடியது ஈவென்டிங். கட்டை தாண்டுவது அதில் ஒரு பகுதிதானே என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். அன்று இத்தாலிக்குப் போய்விட்டார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஷோ ஜம்பிங் தனிநபர் தங்கம் தம்பி ரைமொண்டோ டின்ஸேயோவுக்கு, வெள்ளி அண்ணன் பியரோவுக்கு. இதை அவர் சொல்லும் தோரணையில், அண்ணனும் தம்பியும் தேரடிப் பக்கம் குடியிருந்து, நேற்றுதான் வீட்டைக் காலி செய்தார்கள் என்று தோன்றும். அங்கிருந்து சிலி. 1949 பிப்ரவரியில் உவாசோ என்ற குதிரை 2.47 மீட்டர் தாண்டியது, இன்னும் எவனும் முறியடிக்கவில்லை. "அது ரேஸ்ல தேறாத குதிர சார்! தேறாததத்தான் தட்டி எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, பத்தாம் வகுப்பில் இரண்டு பாடம் போன என் பையனை மேலும் கீழுமாகப் பார்ப்பார். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

இந்த மனிதர் பாடம் நடத்துவதையும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். விடியுமுன் கிளம்பி, நகரத்தின் மறுகோடியில், காரில் வந்து இறங்குகிற பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். அங்கே குரலே வேறு. பயந்த பெண் குழந்தை ஒன்று கட்டையையே முறைத்துப் பார்த்துக்கொண்டு வந்தது. குதிரை வந்து நின்றுவிட்டது. "கட்டையப் பாக்காதம்மா. அதுக்கப்புறம் எங்க போகப்போறன்னு பாரு. கடிவாளத்த இழுக்காத, அதுக்கும் வாய் வலிக்கும்ல?" என்றார். அவ்வளவுதான். அடுத்த சுற்றில் இரண்டும் ஒன்றாகத் தாண்டின. கட்டை தட்டி விழுந்தால் நாலு பெனால்டி, தட்டவில்லை. மாஸ்டர் கைதட்டவில்லை. குதிரையின் கழுத்தைத் தடவிவிட்டு, விழுந்திருக்க வேண்டிய கட்டையை எதற்கோ ஒருமுறை சரிசெய்து வைத்தார். வரும் வழியெல்லாம் பேசவில்லை. டோல்கேட் தாண்டியதும் மறுபடி உதடு அசைய ஆரம்பித்தது.

காரணம் எனக்குத் தெரியும். அங்கே அளக்க அவருக்கு ஒரு மணி நேரம்தான். மீதி இருபத்து மூன்று மணி நேரம் எங்கள் தலையில். ஏன் அவர் இந்தப் பக்கமே ஒரு பள்ளி நடத்தக் கூடாது? குதிரை வீட்டிலேயே இருக்கிறது, பிள்ளைகள் தெருவெல்லாம் இருக்கிறார்கள், இல்லாதது மணல்.

கடற்கரை பக்கத்திலிருந்துகொண்டு மணல் இல்லை என்பது வேடிக்கையாகத் தெரியும். இது வேடிக்கை இல்லை. எங்கள் கரையில் மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருப்பது. 1870களில் துறைமுகம் கட்டக் கடலுக்குள் சுவர் நீட்டினார்கள். வந்த மணல் அங்கேயே நின்றுவிட்டது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடல் கரையைத் தின்றது, வீடுகளையும் தின்றது. மிச்சத்தைக் காப்பாற்றப் பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். கல்லின் மேல் நண்டு நடக்கும், குதிரை நடக்காது. மெரினாவில் குதிரைச் சவாரி போகிறீர்களே, உங்கள் குதிரை மிதிக்கிற மணலில் எங்கள் பங்கும் இருக்கிறது. இதை யாரிடம் அளந்து வாங்குவது?

திறந்தவெளி ஷோ ஜம்பிங் மைதானம் என்றால் 4,000 சதுர மீட்டர் வேண்டும். கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். மூடிய தொழிற்சாலைகளின் சுற்றுச்சுவருக்குள் எங்கள் பக்கம் எத்தனையோ ஏக்கர் கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. நிலம் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால் ஒரு ஏக்கரைத் தாருங்கள். துறைமுகத்தில் தூர் வாருகிறவர்கள் நாலு லாரி மணலை வடக்கே தள்ளிவிடுங்கள். வாடகை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். போன தீபாவளிக்குக் கொள்ளு வாங்க என்னிடம் வாங்கிய காசே இன்னும் வரவில்லை.