டேனிஷ்காரன் விட்டுப்போன நஷ்டக் கடை

தரங்கம்பாடிக்கு டென்மார்க்காரன் ஆசைப்பட்டு வந்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவன் கிளம்பியது இலங்கைக்கு. கண்டி ராஜாவின் தூதர் என்று ஒரு டச்சுக்காரர் கோபன்ஹேகனில் போய் நின்று, போர்த்துகீசியனை விரட்ட ஆள் அனுப்பினால் வியாபாரம் முழுக்க உங்களுக்கே என்று அளந்துவிட்டார். நான்காம் கிறிஸ்தியான் மன்னரும் மயங்கி, 1618-இல் கப்பல்களை அனுப்பினார். தலைமை ஏற்றவன் பெயர் ஓவே கிட்டே. இன்னும் 24 முடியாத பையன். ஒன்றரை வருஷக் கடல் பயணம். தூதர் பாதி வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கண்டியிலோ, நான் எப்போது கூப்பிட்டேன் என்கிற கதைதான்.

முன்னால் வந்த இன்னொரு கப்பலைக் காரைக்கால் பக்கம் போர்த்துகீசியர் ஒழித்துக்கட்ட, தப்பிப் பிழைத்தவர்கள் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் முன்னால் போய் நின்றார்கள். 1620-இல் ஒப்பந்தம் ஆயிற்று. வருஷத்துக்கு 3,111 ரூபாய் குத்தகைக்கு எங்கள் ஊர் கைமாறியது. நாயக்கர் கெட்டிக்காரர், டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் கடிதம் எழுதி அனுப்பினார். டேனிஷ்காரன் கோட்டை கட்டினான்.

கோட்டை நின்றது, வியாபாரம்தான் நிற்கவில்லை. 1622-லிருந்து 1637 வரை டென்மார்க்கை விட்டுப் புறப்பட்ட கப்பல் 18, திரும்பிப் போனது 7. இந்த லட்சணத்தில் 1642-இல் வங்காளத்தில் கப்பல் தகராறு ஒன்றைச் சாக்காக வைத்து மொகலாய சாம்ராஜ்யத்தின் மேலேயே போர் தொடுத்தார்கள். தர்பாரில் யாருக்காவது தூக்கம் கெட்டிருக்குமா என்பது சந்தேகம். ஆனால் வழியில் போன வங்காளக் கப்பல்களைப் பிடித்து விற்றதில் இங்கே அடுப்பு எரிந்தது.

அப்புறம் டென்மார்க் எங்களைச் சுத்தமாக மறந்தது. ஏறக்குறைய 30 வருஷம் ஒரு கப்பல்கூட வரவில்லை, வியாபாரம் நடத்திய டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியையே 1650-இல் கலைத்துவிட்டார்கள். இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்து, கடைசியில் மிஞ்சியது எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற ஒரே டேனிஷ்காரர். சம்பளம் கிடையாது, கேட்க நாதி கிடையாது. மனுஷன் அசரவில்லை. கோட்டைக் கொடியை இறக்காமல், ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பி உட்கார்ந்திருந்தார். 1669-இல் கப்பல் வந்து பார்த்தால், ஆள் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்! வேறு வழியில்லாமல் அவரையே தளபதியாக நியமித்தார்கள். எங்கள் ஊரில் சிலை வைக்க வேண்டியது இவருக்குத்தான். யாரும் வைக்கவில்லை.

சிலை பாதிரியார் சீகன்பால்குவுக்கு இருக்கிறது, அவரும் தகுதியானவர்தான். 1706-இல் டென்மார்க் ராஜா அனுப்பி வந்தவரை, கவர்னர் பிடித்துச் சில மாதம் கோட்டைக்குள் அடைத்துவைத்தார். வெளியே வந்தவர் அச்சுக்கூடம் வைத்து 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்.

ஊர் உண்மையில் காசு பார்த்தது அமெரிக்க சுதந்திரப் போர்க் காலத்தில். இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துக்கொள்ள, நடுநிலைக் கொடி கட்டிய டேனிஷ் கப்பலில் எல்லாரும் சரக்கு ஏற்றினார்கள். அவர்கள் சண்டை ஓய்ந்ததும் எங்கள் அதிர்ஷ்டமும் ஓய்ந்தது. 1845-இல் டேனிஷ்காரர்கள் வங்காளத்திலிருந்த தங்கள் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனிடம் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். ரயிலோ நாகப்பட்டினத்துக்குப் போய், சரக்கையும் அங்கேயே இழுத்துக்கொண்டது. எங்களுக்கு மாயவரத்திலிருந்து ரயில் வந்தது 1926-இல். 1986-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அந்த நஷ்டக் கடையைத்தான் காட்சிக்கு வைத்துப் பிழைக்கிறோம். 1978 வரை அதிகாரிகள் தங்கிப்போன கோட்டையில் அருங்காட்சியகம், வாசலில் டிக்கெட். பழைய கலெக்டர் பங்களா சொகுசு விடுதி ஆகிவிட்டது. அங்கே ஒரு ராத்திரி தங்கினால், நாயக்கர் ஊர் முழுவதற்கும் வாங்கிய வருஷக் குத்தகையைத் தாண்டிவிடும்.

போதாததற்கு ஓசோன் வேறு. எங்கள் கடற்கரையில் ஓசோன் அதிகம், உடம்புக்கு நல்லது என்று யாரோ கிளப்பிவிட்டது பிடித்துக்கொண்டது. ஓசோன் வானத்தில் இருக்கும்வரைதான் நல்லது, தரைக்கு இறங்கினால் நுரையீரலுக்கு ஆகாது என்பதுதான் விஞ்ஞானம். அதையெல்லாம் சொல்லி யார் பிழைப்பைக் கெடுப்பது? சனி ஞாயிறில் கார் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் மதிலோரம் நின்று நெஞ்சு விம்ம மூச்சிழுக்கிறார்கள். பாதி கருவாட்டு வாசம். நன்றாக இழுத்துக்கொள்ளட்டும், அதற்கு மட்டும் இன்னும் டிக்கெட் போடவில்லை.