'பொறுங்க' சார்

ரிச்சி தெருக் கடையில் எழுதி வாங்கிய கொட்டேஷன் 'பொறுங்க' சாரின் சட்டைப்பையில் எட்டாக மடிந்து கிடக்கிறது. போர்டு, பிராசசர், ரேம், எஸ்எம்பிஎஸ், கேபினெட் எல்லாம் எழுதியது எழுதியபடி இருக்கின்றன. கிராபிக்ஸ் கார்டு வரியைத்தான் அடித்து, மேலே ஒரு மாடல், அதையும் அடித்து அதற்கு மேலே இன்னொன்று என்று எழுதி எழுதி, இப்போது கடையின் பெயர் மேலேயே ஏறிவிட்டார்.

வீட்டு உள் அலங்காரத்தை முப்பரிமாணப் படமாக்கித் தருவது சாரின் தொழில்.

2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3090 வந்தது. 24 ஜிபி மெமரி. "பொறுங்க, வந்ததும் வாங்கினா விலை ஜாஸ்தி" என்றார். 2021-இல் கிரிப்டோ மைனிங்காரர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போக, விலை கைக்கெட்டாமல் பறந்தது. "பொறுங்க, இறங்கும்." இறங்கவும் செய்தது. 2022 செப்டம்பரில் எத்தேரியம் மைனிங்கையே கைவிட்டதும் பழைய கார்டுகள் சந்தையில் வந்து விழுந்தன. "ராப்பகலா வெந்த கார்டை யாராவது வாங்குவாங்களா? பொறுங்க, அடுத்த மாசம் 4090 வருது."

வந்தது. சிலருடைய 4090-இல் மின் இணைப்பு முனை உருகிய படங்களும் கூடவே வந்தன. சாருக்கு அன்றைக்குத்தான் தீபாவளி. பார்க்கிறவரிடமெல்லாம் செல்போனை நீட்டிக் காட்டினார்.

2025 ஜனவரியில் 5090. 32 ஜிபி, 575 வாட். "கார்டா, இஸ்திரிப்பெட்டியா? ஈபி பில்லை யார் கட்டுறது?"

விஷயம் தெரியாதவர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. டீக்கடையில் ஒரு கல்லூரிப் பையனுக்கு அவர் பாடம் எடுத்ததைக் கேட்டிருக்க வேண்டும். ஸ்கெட்சப்பில் வரைய ஒற்றைக் கோரின் வேகம்தான் முக்கியம், 64 கோர் வாங்கினால் பாதிக்கு மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். பிராசசரில் ரெண்டர் ஓட்டினால்தான் அத்தனைக்கும் வேலை. கார்டில் ஓட்டுவதென்றால் காட்சி முழுவதும் அதன் மெமரிக்குள் அடங்க வேண்டும். எல்லாம் நியாயம். கலர் லைட் எரியும் கேபினெட்டைத் தலையில் கட்டப் பார்த்த கடைக்காரரிடமிருந்து பையனைக் காப்பாற்றி, டீக்காசும் அவரே கொடுத்தார். கடைசியில் பையனிடம் சொன்னது என்னவோ "பொறுங்க தம்பி"தான்.

பொறுப்பது சார் என்றால் பரவாயில்லை. அவர் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்ணின் மெஷினில் இருப்பது 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. பால்கனியில் நாலு செடி வைத்தால் மெமரி போதவில்லை என்று ரெண்டர் நின்றுவிடுகிறது. செடிகளை அழித்து, திரைச்சீலையின் துணித் தரத்தைக் குறைத்து, பிராசசரில் ராத்திரி முழுக்க ஓட்டுகிறார். காலையில் கிளையன்ட் சோபா நிறத்தை மாற்றச் சொல்கிறார். மறுபடியும் ராத்திரி. ஓவர்டைம் கிடையாது.

அந்தப் பெண் 5090 கேட்கவில்லை. 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்ட 3060-இல் 12 ஜிபி இருக்கிறது. அழித்த செடிகளைத் திரும்ப வைக்க அது தாராளமாகப் போதும் சார்.