மிச்சவியல்: சித்தியவான் வட்டார உதிரிப் பாகங்கள் பற்றிய ஒரு முன்னாய்வு

உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நான்கு முறை கூடியிருக்கிறது: 1966, 1987, 2015, 2023. தனிநாயகம் அடிகள் முன்னின்று நடத்திய முதல் மாநாடு தொட்டு இன்றுவரை, பிளாஸ்டிக் மாடல் கட்டி முடித்த பின் பெட்டியில் எஞ்சும் துண்டுகளை எப்படி அடுக்கி வைப்பது என்று ஒரு கட்டுரையேனும் வாசிக்கப்பட்டதாக இவ்வாய்வாளன் அறியான். தேடிப் பார்க்கவும் இல்லை. 'இத்துறையில் முன்னாய்வுகள் இல்லை' என்று எழுத விரும்புவோர் தேடாமல் இருப்பதே நல்லது என்பது பட்டம் பெற்ற அனைவரும் அறிந்த நெறி.

ஆய்வெல்லை: வடக்கே ஆயர் தாவார், மேற்கே லுமுட், நடுவில் சித்தியவான் பட்டணமும் கம்போங் கோவும். பங்கோர் தீவு சேர்க்கப்படவில்லை. ஃபெர்ரிக் கட்டணத்துக்கு நிதி நல்கை கிட்டவில்லை. முதன்மைச் சான்றுகள்: என் வீட்டு டின்கள். துணைமைச் சான்றுகள்: அந்த டின்களைப் பற்றி அம்மா அவ்வப்போது வெளியிட்ட கருத்துகள் (வாய்மொழி, சமையலறை). இவற்றுள் அச்சிடத்தக்கவை மட்டும் ஈண்டு ஆளப்பட்டுள்ளன.

முதற்கண், பாகங்கள் ஏன் எஞ்சுகின்றன? காரணம் எளிது. எஃகு அச்சு செய்ய ஏகப்பட்ட பணமாகும். ஆகவே ஒரே அச்சை வைத்து ஒரு விமானத்தின் நாலைந்து வகைகளை விற்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் மற்ற வகைகளுக்கான துண்டுகளும் அதே ரன்னரில் (துண்டுகளைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டத்தில்) தொங்கிக்கொண்டு வந்து சேரும். கட்டுமுறைத் தாளில் அவற்றின்மேல் சாயம் பூசி 'பயன்படாதவை' என்று காட்டியிருப்பார்கள். பண்டாய் நிறுவனத்தின் 'கண்டம்' (Gundam) ரோபோக்களில் இந்தப் பெருந்தன்மை உச்சத்தைத் தொடுகிறது. 1980 ஜூலையில் 1/144 அளவில், 300 யென் விலையில் முதல் கண்டம் மாடல் வந்தது. அன்றிலிருந்து கை, கொம்பு, வாள்பிடி என மிச்சம் பெருகியபடியே இருக்கிறது. மூட்டுக்குள் போடும் சாம்பல் நிற பாலிகேப் தட்டு பல ரோபோக்களுக்குப் பொதுவானது. ஆகையால் அது வரும் பெட்டிகளில் சில மிஞ்சும். நான்காவதாக ஒரு காரணமும் உண்டென்று சிலர் கூறுவர். இவ்வாய்வாளன் கட்டிய ரோபோக்கள் ஏன் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன என்று கேட்பவர்கள் கிளப்பும் வாதம் அது. ஆதாரமற்றது எனப் புறந்தள்ளப்படுகிறது.

(முதல் மூன்று காரணங்கள் எவை என்று எண்ணிப் பார்க்கும் வாசகருக்கு: ஆய்வுக் கட்டுரைகளை அப்படிப் படிக்கக் கூடாது.)

வரலாற்றுப் பின்னணி இன்றி எந்தக் கட்டுரையும் கருத்தரங்கு மலரில் ஏறாது. எனவே ரப்பர் கோட்பாடு. ஹங்கேரியிலிருந்து வந்த நிக்கோலஸ் கோவ் 1939இல் பிரிட்டனில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது அது பிளாஸ்டிக் விமானம் விற்கவில்லை. காற்றடைத்த ரப்பர் பொம்மைகள்தாம் விற்றது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயாத் தோட்டங்களின் பால் பிரிட்டனுக்குப் போவது அறவே நின்றது. போர் முடிந்தபின் அதே நிறுவனம் 1947இல் ஊசிமுறை வார்ப்பு இயந்திரம் வாங்கிச் சீப்புகளாக வார்த்துத் தள்ளியது. 1949இல் ஒரு ஃபெர்குசன் டிராக்டர் மாதிரி. 1952இல் கோல்டன் ஹைண்ட் கப்பல், வுல்வொர்த் கடைகளில். ஆக, பேராக்கின் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய நம் பாட்டன்மார் கையிலிருந்து அந்தக் கத்தி பறிபோனதால்தான் உலகில் பிளாஸ்டிக் மாடல் பிறந்தது என்பது துணிபு. நடுவில் சில கண்ணிகள் விடுபட்டிருக்கலாம். ஒரு கடல்கோள் போதும், எந்த இடைவெளியையும் நிரப்பிவிடலாம் என்று காட்டிச் சென்ற முன்னோர் உண்டு. நான் ஓர் உலகப் போரோடு நிறுத்திக்கொண்டேன்.

இனி வகைப்பாடு. தமிழில் எதையும் ஐந்தாகப் பிரித்தால்தான் மதிப்பு. மிச்சம் வாழும் நிலங்கள் ஐந்து.

குறிஞ்சி: அலமாரி உச்சி. நாற்காலி போட்டு ஏற வேண்டும்.

முல்லை: கட்டிலுக்கு அடி. காத்திருத்தல் இதன் உரிப்பொருள், காத்திருப்பது துடைப்பத்துக்காக.

நெய்தல்: குளியலறைச் சன்னல். டெகால் ஒட்டுப்படத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு மறந்த இடம்.

பாலை: வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டி. இங்கே போன டெகால் தாள் மஞ்சளாகித் திரும்பும்.

மருதம் மட்டும் விரிவாகப் பேசத்தக்கது. அது சமையலறை மேல்தட்டு. டின்கள் விளையும் வளநிலம். பட்டர் குக்கீஸ் வந்த நீல வட்ட டின், மைலோ டின், கிரீம் கிராக்கர் சதுர டின் என மூன்று இனங்கள் இங்கே உண்டு. பாலிகேப்புக்கு நீல டின்னும், ஆயுதங்களுக்கு மைலோவும், சக்கரத்துக்குச் சதுரமும் என்று இவ்வாய்வாளன் ஓர் ஒழுங்கு நிறுவியிருந்தான். ஆனால் மருதத்தின் உரிப்பொருள் ஊடல். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அதே டின்கள் முறுக்குக்கும் அச்சு முறுக்குக்கும் தேவைப்படுகின்றன. ஓர் ஆண்டு முழுக்கத் தொகுத்த வகைப்பாடு ஒரே பிற்பகலில் ஒற்றைப் பிளாஸ்டிக் பைக்குள் கொட்டப்படும். வரலாற்றாசிரியர்கள் நூலகங்கள் எரிந்த கதைகளைச் சொல்லி வருந்துவார்கள். அவர்கள் யாரும் முறுக்கு சுடும் வீட்டில் வாழ்ந்தவர்கள் இல்லை. (காண்க: அம்மா, 'உன் குப்பைய எடுக்கிறியா, நான் எடுக்கட்டுமா', சமையலறைப் பதிப்பு, சற்றே உயர்ந்த குரலில் திருத்திய இரண்டாம் பதிப்பு, அதே நாள், ஐந்து நிமிடம் கழித்து.) எனவே இவ்வட்டாரத்து மிச்சங்களின் காலத்தை முறுக்குக்கு முன், முறுக்குக்குப் பின் என்றே கணிக்க வேண்டும். பின்னதைச் சேர்ந்த பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு காணப்படும், சாயம் ஒட்டாது.

இங்கேதான் இவ்வாய்வின் மையச் சிக்கல் எழுகிறது: சாம்பல் துண்டு.

இது நகத்தளவே உள்ள பிளாஸ்டிக். ஒரு முனையில் வளைந்த கொக்கி, மறுமுனையில் உடைந்த விளிம்பு, நடுவில் ஒரு பள்ளம். முறுக்குக்குப் பிந்திய பையில் கிடைத்தது. எந்த ரன்னரிலும் இதற்கான காலியிடம் இல்லை. எண் பொறிக்கப்படவில்லை. இத்துண்டைப் பற்றி மட்டும் மூன்று பள்ளிகள் தோன்றிவிட்டன.

முதல் பள்ளி லுமுட்டைச் சேர்ந்தது. கடற்படைத் தளத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரே அதன் நிறுவனரும் ஒரே உறுப்பினரும். இது கப்பலில் படகை இறக்கும் கொக்கி என்பார் அவர். லுமுட்காரர்களுக்கு எதைப் பார்த்தாலும் கப்பலாகத்தான் தெரியும். ஆயினும் அவர் தம் வாதத்துக்குத் துணையாக இழுத்துவந்த கே.டி. ஹாங் துவா என்ற கப்பலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மிச்சவியலில் அது 1/1 அளவு மாதிரி. கானாவின் குவாமே நிக்ருமா கேட்டார் என்று ஸ்காட்லாந்தின் யாரோ (Yarrow) கப்பல் கட்டும் தளத்தில் இந்தப் போர்க்கப்பலைக் கட்டத் தொடங்கினார்கள். 1966இல் நிக்ருமாவின் ஆட்சி கவிழ்ந்தது. வாங்க ஆளில்லாமல் கப்பல் கிடந்தது. 1972இல் பிரிட்டிஷ் கடற்படை வாங்கி 'மெர்மெய்ட்' என்று பெயரிட்டது. 1977இல் மலேசியாவுக்கு விற்றது. யாருக்கோ செய்து, யாரும் பொருத்தாமல், பெட்டியிலேயே கிடந்து, கடைசியில் வேறொருவர் கட்டிய படையில் சரியாகப் போய் உட்கார்ந்த பாகம். நாற்பதாண்டு இங்கே உழைத்து 2018இல் ஓய்வு பெற்றது. எதையும் தூக்கிப் போடாதே என்று அம்மாவிடம் வாதிட இதைவிடப் பெரிய சான்று எனக்குக் கிட்டவில்லை. ('அதுக்கு அவங்களுக்குத் துறைமுகம் இருந்துச்சு, உனக்கு என் அலமாரிதானே இருக்கு' என்பது எதிர்வாதம், இன்னும் மறுக்கப்படவில்லை.)

இரண்டாம் பள்ளி என்னுடையது. நான் இதனை டாமியாவின் பழைய டாங்கி ஒன்றின் பேட்டரி மூடி என்கிறேன். ஷிசுவோக்காவில் 1946இல் மரமறுக்கும் தொழிலாகத் தொடங்கியது டாமியா. அதன் முதல் பிளாஸ்டிக் மாடல் 1960இல் வந்த யமாட்டோ போர்க்கப்பல். பின்னர் பேந்தர் டாங்கி செய்தபோது உள்ளே மோட்டாரும் பேட்டரியும் நுழைய எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு பெரிதாகச் செய்தார்கள். அளந்து பார்த்தால் ஏறத்தாழ 1/35 வந்தது. உலகம் முழுக்க இராணுவ மாடல்களுக்கு அதுவே அளவாகி நிலைத்துவிட்டது. ஒரு பேட்டரி தீர்மானித்த அளவுகோலைப் பேராசிரியர்கள் புனிதமாகக் கருதி மில்லிமீட்டர் சண்டை போடுவது தனிக் கட்டுரைக்குரியது. என் வாதத்துக்கு அகச்சான்று கொக்கியின் வளைவு. புறச்சான்று என் 'மிச்சவியல்' நூலின் முதல் நூற்பா: "எஞ்சிய தெல்லாம் எதற்கோ உரிய." அதற்கு நானே வரைந்த உரை, அவ்வுரைக்கு நானே எழுதிய விளக்கம், அவ்விளக்கத்தை மேற்கோள் காட்டி நானே ஆற்றிய தலைமையுரை (மேசைமுன், இரவு உணவுக்குப் பின், அவையோர்: ஒரு பூனை, வினா நேரத்தில் வெளிநடப்பு) ஆகியவற்றையும் ஒருங்கு நோக்குக. நூல் இன்னும் எழுதப்படவில்லை என்பது குறையன்று. மேற்கோள் எண்ணிக்கை இப்போதே நான்காகிவிட்டது.

மூன்றாம் பள்ளி என் அக்காவுடையது. துண்டைக் கையில் வாங்கினாள், திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது ஹால் காத்தாடி ரிமோட்டோட மூடிடா. அதுலேர்ந்து உடைஞ்சது. அம்மாதான் ரப்பர் பேண்ட் போட்டுச் சுத்தி வெச்சிருக்காங்களே, நீ பாத்ததில்ல?"

அக்காவின் கருத்து ஆய்வு நெறிமுறைக்கு உட்பட்டதன்று. அவள் முந்தைய பள்ளிகளைக் குறிப்பிடவில்லை. மாற்றுக் கருத்துகளை மதிப்பிடவில்லை. எடுத்துக்கொண்ட நேரமும் போதாது. ஆயினும் பேட்டரி என்ற அளவில் அவள் இரண்டாம் பள்ளியை வழிமொழிகிறாள் என்று கொள்ளலாம். வேறுபாடு டாங்கியா காத்தாடியா என்பதில் மட்டுமே. மேலும் அந்த ரப்பர் பேண்ட், மேலே நிறுவிய ரப்பர் கோட்பாட்டுக்கு வலுச் சேர்ப்பதையும் ஈண்டு நோக்க வேண்டும். ரிமோட்டில் பொருத்திப் பார்க்கலாமே என்றார் லுமுட் நண்பர். மறுத்துவிட்டேன். பொருந்திவிட்டால் மூன்று பள்ளிகளும் ஒரே நொடியில் மூடப்படும்; பிறகு கருத்தரங்குக்கு என்ன செய்வது?

எஞ்சியது ஒரே கேள்வி: அடுக்குவது எப்படி? பெட்டிவாரியாக அடுக்க வேண்டும், ஒவ்வொரு துண்டும் எந்த மாடலிலிருந்து வந்ததென்று எழுதி வைக்க வேண்டும் என்பது மூலநூல் பற்றாளர் கட்சி. பார்க்க அழகாக இருக்கும், பயன் கிடையாது. டின்னைத் திறப்பவன் 'இது எங்கிருந்து வந்தது' என்று கேட்டு வருவதில்லை. ஒரு சக்கரம் வேண்டும், ஒரு குழாய் வேண்டும் என்றுதான் வருகிறான். 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்து விண்கலங்களைச் செய்தவர்கள் டாங்கி, கார், விமானப் பெட்டிகளை வாங்கி உடைத்து, அவற்றின் துண்டுகளைத்தான் மேற்பரப்பில் ஒட்டினார்கள். ஜெர்மன் டாங்கியின் பாகமாயிற்றே என்று எவரும் தயங்கியிருந்தால் மிலேனியம் ஃபால்கன் மொட்டையாகப் பறந்திருக்கும். ஆகவே தீர்ப்பு: கையோடு கை, சக்கரத்தோடு சக்கரம், குழாயோடு குழாய். மூல ஊரும் பெயரும் வேண்டியதில்லை. இப்படி வகுத்தபின் எதிலும் அடங்காதவற்றை 'மற்றவை' என்ற டின்னில் போடலாம். மற்ற எல்லா டின்களையும்விட அது பெரிதாக இருக்கும். அதற்குக் கூச்சப்பட வேண்டாம். எந்தப் பல்கலைக்கழகத்திலும் 'பிற துறைகள்' அலுவலகம் அப்படித்தான்.

முறைமை கருதி, இதே கட்டுரை வேறு இரண்டு தலைப்புகளில் வேறு இரண்டு மலர்களுக்கும் அனுப்பப்பட்டுள்ளது.

இறுதியாக வாசகருக்கு ஒரு வேண்டுகோள். 1/144 ரோபோ ஒன்றுக்குத் துப்பாக்கி பிடிக்கும் இடது கை தேவை. பெட்டிகளில் துப்பாக்கிக் கை பெரும்பாலும் வலதாகவே வருகிறது; என்னிடம் வலது கைகள் ஒரு மைலோ டின் நிறைய இருக்கின்றன. நம் மஞ்சோங் மாவட்டத்தில் யாரிடமாவது இடது கை இருந்தால், ஒன்றுக்கு இரண்டாக வலது கை தரத் தயார். தீபாவளிக்கு முன் வரவும்.