வளவு முழுக்க வைஃபை

இந்திய வீட்டுத் திட்டம் வன்னியில் கட்டித்தந்த வீடு ஏறத்தாழ 550 சதுர அடி. அதற்குள் ஒரு ரவுட்டரே தாராளம். ஆனால் எங்கள் ஆட்கள் வீட்டுக்குள்ளா இருக்கிறார்கள்? கதை மாமரத்தடியில், சமையல் கொட்டிலில், படிப்பு விறாந்தையில். ஆகவே கனடா மாமா மூன்று பெட்டி மெஷ் வைஃபை அனுப்பிவைப்பார். ரவுட்டரோ அறைக்குள், கண்ணாடி அலுமாரியில், சாமிப்படத்துக்கும் கலியாண அல்பத்துக்கும் நடுவே குடியிருக்கும். கோபுரத்திலிருந்து அதற்கு வந்து சேரும் 4ஜி சிக்னலே ஒற்றைக் கோடுதான். இரணைமடுக் குளம் வற்றிக் கிடக்கையில் வாய்க்காலை அகலமாக்கி என்ன பயன்? மலிவு எக்ஸ்டெண்டர் இன்னும் விசேஷம்: வாங்கிய அலைவரிசையிலேயே திருப்பி அனுப்பி, இருக்கிற வைஃபை வேகத்தையும் ஏறத்தாழப் பாதியாக்கும். ரவுட்டரை யன்னலடிக்கு நகர்த்தினால் ஒரு சதமும் செலவில்லை. அதற்குத்தான் வீட்டில் ஒருவரும் சம்மதியார். அலுமாரி வெறுமையாகத் தெரியுமாம்.