பரதனை வென்ற பக்தர்கள்

இராமபிரானின் பாதுகைகளை அரியணையில் ஏற்றிய பரதன் உத்தமன்தான். ஆனால் விவரம் போதாதவன். செருப்பை ஏற்றினோமா, தீபாராதனை காட்டினோமா, அரண்மனைக்குப் போய்ப் பஞ்சணையில் சாய்ந்தோமா என்றில்லாமல், மரவுரி தரித்துப் பதினான்கு ஆண்டுகள் நந்திக்கிராமத்தில் தவம் கிடந்தான். பாதுகையை வணங்கினால் போதும், பாதையில் நடக்க வேண்டியதில்லை என்ற நுண்ணிய சாத்திரம் அவனுக்கு எட்டவில்லை. அது எட்டிய மகான்கள் நம் காலத்துக் காந்தி பக்தர்கள். அவர்தம் பொன்னடிகளுக்கு அடியேனின் எளிய மாலை இது.

2009 மார்ச்சில் அண்ணலின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, பாக்கெட் கடிகாரம், கிண்ணம், தட்டு எல்லாம் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தன. பாரதமே துடித்தது. அவற்றை வைத்திருந்த ஜேம்ஸ் ஓட்டிஸ் என்ற அமெரிக்கர் அப்போது ஒரு விபரீத யோசனை சொன்னார்: இந்திய அரசு ஏழைகளின் மருத்துவத்துக்கு ஒதுக்கும் பணத்தைப் பெருமளவு கூட்டட்டும், பொருள்களைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். என்னே சோதனை! அந்தக் கண்ணாடி வழியே கிழவர் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ, அவர்களை அல்லவா விலையாகக் கேட்கிறான் மனிதன்! நம் மாட்சிமை தங்கிய அரசு மயங்கிவிடவில்லை. இறையாண்மையுள்ள நாடு தன் நிதியை எங்கே ஒதுக்குவது என்று அயலான் நிபந்தனை போடுவதா என மேருமலைபோல் நிமிர்ந்து நின்று மறுத்தது. ஏழைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுத்து அண்ணலின் செருப்பைச் சும்மா பெறுகிற இழிவிலிருந்து தேசம் மயிரிழையில் தப்பியது.

ரொக்கம் கொடுத்தே, கௌரவமாக, ஏலம் முடிந்தது. 18 லட்சம் டாலர். எடுத்த வள்ளல் விஜய் மல்லையா. கள்ளுக்கடை மறியலுக்கு ஊர் ஊராக ஆள் திரட்டியவரின் உண்கலத்தை மீட்க, மதுபான சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தியைவிடப் பொருத்தமானவர் ஈரேழு பதினான்கு உலகத்திலும் உண்டோ? (பிற்பாடு 2016இல், வங்கிகள் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்த கடன்களையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு அன்னார் இலண்டன் ஏகினார். பற்றறுத்தல் என்பது அதுவன்றோ!)

அதே 2009இல் மோன்ட் பிளாங்க் நிறுவனம் தண்டி யாத்திரையின் 241 மைலுக்கு 241 பேனாக்கள் செய்து, ஒவ்வொன்றுக்கும் பதினோரு லட்சம் ரூபாய்க்கு மேல் விலை வைத்தது. உப்புக்கு வரி கூடாதென்று நடந்தவருக்கு இதைவிட உருக்கமான அஞ்சலி உண்டா? 2012இல் இங்கிலாந்தில், அவர் சுடப்பட்டு விழுந்த இடத்துப் பிடி மண்ணும் சில புல்லிதழ்களும் 10,000 பவுண்டுக்குப் போயின. ரத்தம் தோய்ந்த மண்ணையும் வீணாக்காத சிக்கனம் அண்ணலுக்கே உரியது. சீடர்களுக்கும் அது வாய்த்திருக்கிறது.

அபரிக்கிரகம், உடைமையின்மை என்று அவர் வாழ்நாளெல்லாம் சொன்னதன் உட்பொருளைக் கண்டுபிடித்தவர்கள் இந்த ஏலக்காரர்களே. ஆயிரம் ஜோடி செருப்பு வைத்திருந்தால் ஒரு ஜோடி என்ன விலை போகும்? வைத்திருந்தது கொஞ்சம், அதனால்தான் கிராக்கி. இவ்வளவு தெரிந்த பெருமானிடமும் ஒரு குறை உண்டு. 1921 செப்டம்பரில் மதுரையில், ஏழைகளுக்கு இல்லாதது எனக்கெதற்கு என்று சட்டையையும் தொப்பியையும் துறந்து அரைத்துணிக்கு மாறினார். அடுத்த இருபத்தாறு ஆண்டுகளில் எத்தனை சட்டைகள் சேர்ந்திருக்கும்! ஏல உலகுக்கு அவர் இழைத்த இந்தப் பெருநஷ்டத்தைப் பெரியமனது பண்ணி மன்னித்துவிடலாம்.

நஷ்டத்தை ஓரளவு ஈடுகட்டியது 2020 ஆகஸ்ட். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஓர் ஏலக்கடையின் தபால்பெட்டியில் யாரோ உறையிலிட்டுப் போட்டுவிட்டுப் போன அண்ணலின் கண்ணாடி 2,60,000 பவுண்டுக்கு விற்றது. அந்த ஆண்டுக் கோடையில்தான் ஊரடங்கில் வேலையிழந்த கூலித் தொழிலாளர்கள், தண்டி யாத்திரையைவிட நெடுந்தூரம், பிள்ளைகளைத் தோளில் சுமந்து நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். அவர்கள் காலில் தேய்ந்து அறுந்த செருப்புகளுக்காக எந்தக் கனவானும் கை தூக்கவில்லை. சரித்திர மதிப்பற்ற சரக்கில் பணத்தை முடக்காத அந்த நிதானத்தை எவ்வளவு போற்றினாலும் தகும்.